மறு: செக்பாயின்ட் – 'சோதனைச்சாவடி' பொருந்துமா?

நண்பர்களே, வணக்கம்.

கணினியில் வேலையின் நடுவே நிலையைச் சேமித்துக் குறித்துவைப்பதைச் செக்பாயின்ட் என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாகச் 'சோதனைச்சாவடி' என்று ஐயா முன்மொழிந்ததைப் படித்தேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. நான் இருப்பது பாலக்காட்டு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில். சோதனைச்சாவடி என்றால் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் வாளையார்தான். ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் அங்கே லாரிகள் வரிசை கட்டி நிற்கும். டிரைவர் பில்லையும் பெர்மிட்டையும் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக அலைவார். சாவடியின் வேலையே வண்டியை நிறுத்துவதுதான். கணினியில் செக்பாயின்ட் யாரையும் நிறுத்தி விசாரிப்பதில்லை.

செக் என்பதன் வேர் பாரசீக 'ஷா'. ஷாஜகானில் இருக்கும் அதே ஷா, அரசன். சதுரங்கத்தோடு அரபு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தது. அரசனுக்கு ஆபத்து என்றால் மற்ற திட்டமெல்லாம் அப்படியே நிற்க வேண்டும். அதனால் 'தடு' என்ற பொருள் வந்தது, அப்புறம் 'கட்டுப்படுத்து', பிறகு 'சரிபார்'. கட்டம்போட்ட சட்டைத்துணிக்குச் 'செக்' என்ற பெயர் சதுரங்கப் பலகையால் வந்தது. இங்கிலாந்துக் கருவூலம் 'எக்ஸ்செக்கர்' ஆனதும் கட்டத்துணி விரித்த மேசையில் வில்லைகளை நகர்த்திக் கணக்குப் பார்த்ததால்தான்.

இவ்வளவு சுவையான வரலாறு இருந்தும், வங்கி செக்குக்குத் தமிழில் யாரும் அரசனைத் தேடிப் போகவில்லை. காசு கொடுக்கச் சொல்லும் ஓலை, காசோலை. அது செய்யும் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாமும் அப்படியே செய்வோம்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நினைவகத்தில் மாறிய பக்கங்களை அது அவ்வப்போது வட்டில் எழுதிவிட்டு, 'இதுவரை பத்திரம்' என்று குறித்துக்கொள்கிறது. இயல்பான அமைப்பில் இதற்கான இடைவெளி 5 நிமிடம். நடுவில் கரண்ட் போனால், மாற்றங்களை வரிசையாக எழுதிவைக்கும் பதிவேட்டை முதலிலிருந்து படிக்க வேண்டாம், அந்தக் குறியிலிருந்து தொடங்கினால் போதும். நாள்கணக்கில் ஓடும் கணக்கீடுகளிலும் இதே ஏற்பாடுதான். ஆக, இது மீண்டு வருவதற்கான நிலை.

என் பரிந்துரை: மீள்நிலை.

"மீள்நிலை பதியப்பட்டது."
"கடைசி மீள்நிலையிலிருந்து தொடர்."
"மீள்நிலை இடைவெளி: 5 நிமிடம்."

இயற்பியலின் 'மீள்தன்மை'யோடு குழம்பும் என்று ஆட்சேபம் வரலாம். அது பொருளின் குணம், இது சேமித்து வைத்த ஒரு நிலை. வாக்கியத்தில் வரும்போது குழப்பம் வராது. 'மீட்புப்புள்ளி'யை, கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் ரீஸ்டோர் பாயின்டுக்கே விட்டுவிடலாம்.

தரவுத்தள மொழிபெயர்ப்பில் இருப்பவர்கள் மேலே உள்ள மூன்று வரிகளையும் தங்கள் கோப்பில் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.