ஏ-26 இன்வேடர் என்ற பழைய அமெரிக்க குண்டுவீச்சு விமானத்தை நேரில் பார்த்தவர்கள் உண்டா?

டேட்டன்வாசி:
ஓஹையோவில் டேட்டன் விமானப்படை அருங்காட்சியகம் எனக்குப் பக்கம்தான். கட்டணம் இல்லை என்பதால் வருகிற விருந்தாளிகளை எல்லாம் அங்கேதான் கூட்டிப்போவேன். போன முறை இன்வேடர் பக்கத்திலேயே அரை மணி நேரம் நின்றுவிட்டேன். இரண்டாம் உலகப் போரின்போது டக்ளஸ் நிறுவனம் செய்து, 1942 ஜூலையில் முதலில் பறந்த விமானம். தலா 2000 குதிரைத்திறனில் இரண்டு எஞ்சின்கள், ஓட்டுவதற்கு ஒரே விமானி. 1944-ல் நியூ கினியாவில் சோதித்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை, அங்கே அமெரிக்க விமானப் படைகளின் தளபதியாக இருந்த ஜெனரல் கென்னி வேண்டாம் என்றே சொல்லிவிட்டார் என்று படித்தபோது எனக்கு விளங்கவில்லை. காக்பிட்டுக்குக் கீழே நின்று பார்த்ததும் விளங்கியது. இரண்டு பக்கமும் எஞ்சின்கள் காக்பிட்டைத் தாண்டி முன்னே தள்ளிக்கொண்டு நிற்கின்றன. நியூ கினியாவில் மர உச்சியை உரசிப் பறந்துதான் தாக்குவார்கள், அப்படிப் போகிறவருக்குப் பக்கவாட்டில் என்ன தெரியும்? ஐரோப்பாவில் நடு உயரத்திலிருந்து குண்டு போட்டார்கள், அங்கே சமாளித்தது. காக்பிட் மூடியைப் பிறகு புடைப்பாக மாற்றினார்கள். எஞ்சினை நகர்த்த முடியாதே!

பசைக்கை:
நான் பார்த்தது அட்டைப்பெட்டியில்! கொரியப் போரில் இரவில் ரயில்களையும் லாரிகளையும் வேட்டையாடிய பி-26 (அப்போது இன்வேடரின் பெயர் அதுதான்) வேண்டும் என்று மாடல் கிட் ஆர்டர் செய்தேன். திறந்தால் மார்ட்டின் நிறுவனத்தின் மராடர், அது வேறொரு குண்டுவீச்சு விமானம். கடைக்காரர் மேல் தப்பில்லை. மராடர் ஓய்வு பெற்றபின் 1948-ல் அதன் பி-26 என்ற பெயரை இன்வேடருக்குச் சூட்டிவிட்டார்கள். அப்புறம் 1966-ல் மறுபடி ஏ-26. வியட்நாம் போர் நேரம் அது. 'பி' என்றால் குண்டுவீச்சு விமானம், 'ஏ' என்றால் தாக்குதல் விமானம். தாய்லாந்து தன் மண்ணில் குண்டுவீச்சு விமானம் நிற்கக் கூடாது என்றதால், 'தாக்குதல் விமானம்' என்று பெயரை மாற்றி அங்கேயே நிறுத்தினார்கள். சரியான தந்திரம்.

அல்பர்ட்டாக்காரன்:
நான் பார்த்தபோது அது பறந்துகொண்டிருந்தது. கனடாவில் காட்டுத்தீ அணைக்க இன்வேடர்களை ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். ஒரு கோடையில் மலைச்சரிவை ஒட்டித் தாழ்வாக வந்து, வயிற்றைத் திறந்து சிவப்புக் கலவையைக் கொட்டிவிட்டு மேலேறியது. சத்தம் நெஞ்சுக்குள் கேட்டது. 1964-ல் ஒரு செய்முறைப் பறப்பில் இறக்கை முறிந்து, அமெரிக்கப் படை பழைய இன்வேடர்களை ஒதுக்கிய கதை எனக்கு அன்றைக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றிருப்பேன்.

பசைக்கை:
மராடரைத் திருப்பி அனுப்பவில்லை. பையன் அதற்கு வண்ணம் அடித்துக்கொண்டிருக்கிறான். இன்வேடர் கிட் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.