பாலாற்றங்கரைப் பையன் துடுப்புப் படகு வீரர் ஆக முடியுமா?

கேள்வி (காட்பாடியிலிருந்து):
குடியாத்தத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகன் ஆறடிக்கு மேல் உயரம் உள்ளவன். நெடுந்தூர ஓட்டத்தில் பள்ளிக்காகப் பரிசு வாங்கியவன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பல்ராஜ் பன்வார் தனியாளாகப் படகு செலுத்தியதைப் பார்த்ததிலிருந்து, அந்தப் போட்டிக்குத்தான் போவேன் என்று உறுதியாக இருக்கிறான். ஆண்டின் பெரும்பகுதி பாலாறு மணலாகவே கிடக்கும் நம் பக்கத்தில் அவன் எங்கே தொடங்குவது? அந்த வாழ்க்கை எப்படி இருக்கும், பிழைப்புக்கு அதில் வழி உண்டா? அக்காவுக்கு நான்தான் விடை சொல்ல வேண்டும்.

பதில் 1 (முன்னாள் படைவீரர், கம்மவான்பேட்டை):
ஐயா, தண்ணீர் இல்லாத ஊர் என்பதற்காகத் தயங்க வேண்டாம். ஒலிம்பிக் படகு வீரர் தத்து பாபன் போகனல் பிறந்தது நாசிக் மாவட்டத்தின் வறட்சிப் பகுதியில் உள்ள தலேகாவ் ரோஹி என்னும் சிற்றூர். தந்தையோடு கிணறு வெட்டும் வேலைக்குப் போனவர். 2011-இல் தந்தை இறந்தபின் பெட்ரோல் நிலையத்திலும் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கியவர். 2012-இல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் அவர் துடுப்பையே பிடித்தார். நான்கே ஆண்டுகளில், 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே படகு வீரராகப் பங்கேற்று, ஒற்றையர் பிரிவில் 13-ஆம் இடம் பெற்றார். அப்போது அவருடைய தாயார் விபத்தில் தலையில் அடிபட்டு நினைவிழந்து கிடந்தார் என்பதை எண்ணினால் இன்றும் மனம் கனக்கிறது. 2018 ஆசியப் போட்டியில் உடல்நலம் குன்றி ஒற்றையர் பிரிவில் பின்தங்கிய அவர், மறுநாளே ஸ்வரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோருடன் நால்வர் படகில் தங்கம் வென்றார்.

ஆசியப் போட்டியில் இந்தியாவின் முதல் படகுத் தங்கத்தை 2010-இல் குவாங்சோவில் வென்ற பஜ்ரங் லால் தாக்கரும் ராஜஸ்தானின் சீகர் மாவட்டத்திலிருந்து வந்த படைவீரர்தான். புனேயில் உள்ள ராணுவப் படகுப் பயிற்சி மையம் உணவு, படகு, பயிற்சியாளர் அனைத்தையும் தருகிறது. வீட்டுக்கு வீடு படைக்கு ஆள் அனுப்பும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் நான் இதையே சொல்லி வருகிறேன்.

பதில் 2 (இராணிப்பேட்டை, கல்லூரிக் காலத்தில் சென்னையில் படகு செலுத்தியவர்):
பெரியவர் சொன்னதில் ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். 2022 முதல் சாதாரணச் சிப்பாய்ச் சேர்க்கை அக்னிபத் திட்டத்தின் கீழ் நான்கு ஆண்டுகளுக்கே நடக்கிறது; அதன்பின் அதிகபட்சம் நான்கில் ஒரு பங்கினரையே நிரந்தரமாக வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே ராணுவத்தை மட்டும் நம்பிப் பட்டப்படிப்பை விட்டுவிடக் கூடாது. சென்னையில் கல்லூரி கிடைத்தால், அடையாற்றங்கரையில் 1867 முதல் இயங்கும் மெட்ராஸ் படகுக் கழகத்தில் நேரில் விசாரிக்கலாம்.

பையனின் உயரமும் ஓட்டமும் உண்மையிலேயே நல்ல முதலீடு. பார்ப்பவர்கள் கைவலிமை என்று நினைப்பார்கள். ஆனால் இருக்கை முன்னும் பின்னும் நகர்வதால் உந்துதலில் பெரும்பங்கு கால்களிலிருந்தே வருகிறது. 2,000 மீட்டர் தூரத்தை ஏறத்தாழ ஏழு நிமிடம், முதுகுப் பக்கமாகச் சென்றுகொண்டே, முழுமூச்சோடு கடக்க வேண்டும். விடியற்காலைப் பயிற்சி, உள்ளங்கைக் கொப்புளம், ஓயாத இடுப்பு வலி எல்லாம் இதில் உண்டு என்பதை அக்காவிடம் மறைக்காதீர்கள். ஆண்களுக்கு 72.5 கிலோ வரம்புடைய இலகு எடைப் பிரிவு பாரிஸோடு ஒலிம்பிக்கிலிருந்து நீங்கிவிட்டதால், அவன் உடலை நன்றாக வளர்த்தே ஆக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. படகு கிடைக்கும் வரை இங்கிருந்தபடி அவன் எதைச் செய்யலாம்?

பதில் 2:
முதலில் நீச்சல், அது தெரியாமல் ஒற்றையர் படகில் ஏறக் கூடாது. அடுத்து, உடற்பயிற்சிக் கூடத்தில் துடுப்பு இயந்திரம் இருந்தால் அதில் 2,000 மீட்டர் இழுத்து நேரத்தைக் குறித்து வரச் சொல்லுங்கள். உலகின் தலைசிறந்த ஆண்கள் ஆறு நிமிடத்துக்குள் முடிப்பார்கள். அவனுக்குத் தொடக்கத்தில் எட்டு நிமிடம் ஆனாலும் கவலை இல்லை. ஆனால் முறையாக இழுக்கத் தெரிந்தவர் ஒருவர் முதல் சில வாரங்கள் அருகில் இருந்து அவன் முதுகைக் கவனிக்க வேண்டும்.