ஞாயிறு அரைக்கும் மாவு புதனுக்குள் புளித்துவிடுகிறது

நானும் கணவரும் வேலை முடிந்து கோவை வீட்டுக்கு வர இரவு ஏழேகால் ஆகிறது; நான்கு, ஒன்பது வயதுப் பிள்ளைகள் எட்டு மணிக்குள் சாப்பிட்டால்தான் நேரத்துக்குத் தூங்குவார்கள். எனவே இரவு உணவு பெரும்பாலும் இட்லி, தோசையை நம்பியே இருக்கிறது. அரிசிம்பருப்புச் சாதம் குக்கரில் விரைவாக ஆகிவிடும் என்றாலும், வாரத்தில் இரண்டாம் முறை வைத்தால் சின்னவள் தட்டைத் தள்ளிவிடுகிறாள்.

நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்ற கணக்கில் ஞாயிறு மாலை கிரைண்டரில் அரைத்து, இரவு முழுதும் வெளியில் வைத்து, காலையில் குளிர்பெட்டியில் வைக்கிறேன். மார்ச் வரை வெள்ளிக்கிழமை வரை தாங்கிய மாவு, வெயில் ஏறிய பிறகு புதன்கிழமையே மேலே நீர் தெளிந்து, கடுமையாகப் புளிக்கிறது. ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தேன், வெந்தயத்தைக் குறைத்தேன், தினமும் ஒரே பாத்திரத்தைத் திறக்காமல் இரண்டாகப் பிரித்தும் வைத்தேன். ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தாங்கவில்லை. கடை மாவு பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

பாதி மாவைப் புளிக்கவிடாமல் அரைத்தவுடனேயே குளிர்பெட்டியில் வைத்தால், வியாழன் இரவு இட்லிக்கு அதை எப்போது வெளியே எடுக்க வேண்டும்?