டெயில்ஸ்டாக் துளையில் ரீமர் போட்ட அலைக்கோடுகள்: வழி சொல்லுங்கள்

லேத் வேலை அறிந்தவர்களின் உதவி தேவை. என் பழைய சிறிய லேத்தின் (கடைசல் இயந்திரம்) டெயில்ஸ்டாக்கில், அதாவது வலக்கோடித் தாங்கியில், ட்ரில்லைப் பிடிக்கும் சக் நிற்காமல் சுழல்கிறது. சக்கின் தண்டு செருகும் துளை இரண்டாம் எண் மோர்ஸ் டேப்பர் (தர அளவுள்ள கூம்பு வடிவம்); சரிவு ஏறத்தாழ 20க்கு 1. இயந்திரம் சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் நண்பரின் பட்டறையில் இருக்கிறது. வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வைத்தால் கீழ்மாடிக்காரர் விடுவாரா?

மூன்று வாரங்களுக்கு முன் துருப்பிடிக்கா எஃகில் 12 மி.மீ. ட்ரில் சிக்கி, சக் உள்ளேயே சுழன்று துளையைக் கீறிவிட்டது. ஜாலான் புசாரில் ஆறு நேர்பற்கள் கொண்ட ரீமர் (துளையைச் சீவிச் சீராக்கும் கருவி) வாங்கி, எண்ணெய் விட்டுக் கையாலேயே திருப்பினேன். கீறல் போனது, சுற்றிலும் அலைக்கோடுகள் வந்துவிட்டன. விரல் நகத்தை வைத்து இழுத்தால் தடதடவென்று தட்டுகிறது. (இந்தத் துளை உள்ள, முன்பின் நகரும் குழாயான க்வில்லைப் பட்டறையில் ‘குயில்’ என்பார்கள். இது கூவவில்லை, கீச்சிடுகிறது.)

வேகத்தைக் குறைத்தேன். துப்பாக்கிக் குழலில் தோட்டா அறை கடைபவர்களின் உத்தியாக, ரீமரில் மெழுகுத்தாள் சுற்றியும் பார்த்தேன். கோடுகள் மங்கின, மறையவில்லை. எங்கே தொடுகிறது என்று பார்க்கச் சக்கின் தண்டில் நீலச் சாயம் தடவிச் சோதித்தால் வாய்ப்பக்கம் 20 மி.மீ. மட்டுமே ஒட்டுகிறது. இன்னும் சீவவும் பயம்: விட்டம் 0.1 மி.மீ. கூடினாலே சக் 2 மி.மீ. உள்ளே இறங்கும். ஏற்கெனவே 3 மி.மீ. இறங்கிவிட்டது.

இடப்புறச் சுருள்பற்கள் கொண்ட ரீமரால் இந்தக் கோடுகளை எடுத்துவிட முடியுமா, அல்லது க்வில்லையே மாற்ற வேண்டுமா?