பைக்காராவுக்கு முன்னோடி சிவசமுத்திரமா? டி லாட்பினியர் பற்றி ஒரு கேள்வி

கேத்தி ஆசிரியை:
வணக்கம். உதகையில் என் மாணவர்களுக்காகப் பைக்காரா மின்திட்டத்தைப் பற்றி ஒரு பாடம் தயாரித்து வருகிறேன். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, மைசூர் அரசில் காவிரி அருவியாக விழும் சிவசமுத்திரத்தில் ராயல் எஞ்சினியர்ஸ் படையைச் சேர்ந்த டி லாட்பினியர் என்ற அதிகாரி காவிரி நீரிலிருந்து மின்சாரம் எடுத்தார் என்று படித்தேன். ஒரு படைப் பொறியாளர் அரசின் மின்கொள்கைக்கு என்ன செய்திருக்க முடியும்? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

சிங்காரா ஓய்வூழியர்:
அம்மா, அவர் கனடாவின் கியூபெக்கில் பிறந்தவர். கிங்ஸ்டன் ராணுவக் கல்லூரியில் படித்தவர். அவருடைய தந்தை கியூபெக் மாகாணத்தின் முதல்வராக இருந்தவர். மைசூர் அரசில் பணியாற்றியபோது, அருவியின் ஆற்றலை ஏறத்தாழ 92 மைல் தொலைவிலுள்ள கோலார் தங்கச் சுரங்கங்களுக்குக் கம்பி வழியே அனுப்பலாம் என்று அவர் கணக்கிட்டார். அக்காலத்தில் அவ்வளவு தூரம் மின்சாரத்தை அனுப்புவது ஆசியாவில் யாரும் செய்து பாராதது. ஆகவே அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்று, அங்குள்ள நிலையங்களை நேரில் பார்த்து, இயந்திரங்களுக்கும் ஏற்பாடு செய்தார். 1902 ஜூன் மாதம் மின்சாரம் கோலாரை அடைந்தது.

ஆனால் பாடத்தில் நீங்கள் அழுத்திச் சொல்ல வேண்டியது வேறு என்று கருதுகிறேன். மின்சாரத்தை வாங்குபவர் யார் என்பது முதலிலேயே உறுதி செய்யப்பட்டது; சுரங்க நிறுவனங்களுடன் ஒப்பந்தம் போட்ட பிறகே அரசின் பணம் இறங்கியது. நிலையமும் கம்பித்தடமும் அரசுக்கே சொந்தமாக இருந்தன. அதனால்தான் 1905-இல் பெங்களூர்த் தெருக்களுக்கும் விளக்கு ஏற்ற முடிந்தது. உயரத்திலிருந்து நீரை இயந்திரங்களுக்கு இறக்கும் பென்ஸ்டாக் குழாய்களோடு வாழ்ந்த எனக்கு, அந்தக் குழாய்களைவிட இந்த ஒப்பந்தமே பெரிய வேலையாகத் தெரிகிறது.

குன்னூர் வாசகர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் முழுப் பெருமையையும் அவருக்கே தருவது சரியன்று. மைசூர் திவான் சேஷாத்ரி ஐயரின் துணிவு இல்லாதிருந்தால் அந்தக் கணக்கு காகிதத்திலேயே நின்றிருக்கும். டி லாட்பினியர் பின்னர் காஷ்மீர் சென்று, ஜீலம் ஆற்றின் நீரை மரக் கால்வாய் வழியே கொண்டுவந்து மொஹோரா நிலையத்தை அமைத்தார். முதல் உலகப் போரில், 1915-இல் கலிப்போலியில் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் தலைமைப் பொறியாளராக இருந்தார்.

கேத்தி ஆசிரியை:
மிக்க நன்றி, ஐயா. பைக்காராவையும் அவரே வடிவமைத்தார் என்று ஓரிடத்தில் கண்டேன். அது சரியா?

சிங்காரா ஓய்வூழியர்:
இல்லை, அம்மா. அது சென்னை மாகாண அரசின் திட்டம். மின்துறையின் தலைமைப் பொறியாளர் ஹென்றி ஹோவர்டின் காலத்தில் நிறைவேறியது. சுமார் 3,000 அடி உயரத்திலிருந்து நீர் சிங்காரா மின்நிலையத்துக்கு இறங்குகிறது. சிவசமுத்திரத்தில் கிடைத்ததோ சுமார் 400 அடி; கோடையில் காவிரி வற்றினால் இயந்திரங்களும் தளர்ந்தன. கண்ணம்பாடி அணையை (கிருஷ்ணராஜ சாகர்) 1911-இல் கட்டத் தொடங்கியதற்கு அந்தக் குறையும் ஒரு காரணம். பைக்காரா நீரும் மோயாறு, பவானி வழியாகக் காவிரியையே சேர்கிறது. ஆனால் சிவசமுத்திரத்துக்கு வெகு கீழே, மேட்டூரையும் தாண்டி. மாணவர்களை வரைபடத்தில் அந்த வழியை விரலால் தொடர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.