முறுக்கு கவரைப் பழைய பேப்பர் கடையில் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். எந்தக் கவருக்கு மாறலாம்?

கோரையாற்றங்கரை:

எல்லோருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் ஆறு பெண்கள் சேர்ந்து கைமுறுக்கு, சீடை, அதிரசம் போட்டு விற்கிறோம். ஏழு வருடமாகிறது. முதலில் சாதாரணக் கண்ணாடிக் கவரில்தான் போட்டோம். மூன்று வருடத்துக்கு முன்னால், சில்வர் கவரில் போட்டால்தான் கடைக்காரர் முன்வரிசையில் வைப்பார் என்று ஒருவர் சொன்னார். ஜிப் வைத்த சில்வர் பவுச்சுக்கு மாறினோம். இப்போது மாதம் நாலாயிரம் கவர் போகிறது.

இந்த வருடம் மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். முதல் தண்ணீர் எப்போதும் நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டுதான் வரும். சின்ன வயதில் அதைப் பார்க்க மதகடியில் போய் நிற்போம். இப்போது சருகுக்கு முன்னால் கவர் வருகிறது. மதகுப் பலகையில் அப்பிக்கொண்டு தண்ணீர் நகரவே இல்லை. என் வீட்டுக்காரர் இறங்கி மண்வெட்டியால் இழுத்து இழுத்துக் கரையில் போட்டார். அந்தக் குவியலில் எங்கள் கவர் ஒன்று கிடந்தது. மஞ்சள் கோலம் போட்ட லேபிள் பாதி உரிந்திருந்தது. பேக்கிங் தேதி என் கையெழுத்து. உள்ளே ஒரு கை சேறு. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மதகில் மாட்டாமல் தப்பினதெல்லாம் கோரையாற்றோடு போய் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில்தானே சேரும்?

மறுநாள் ஊரில் கிடந்த எங்கள் கவர் நாற்பதைப் பொறுக்கி, கழுவிக் காயவைத்து, வீட்டுப் பால் கவரோடு சேர்த்துப் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோனேன். அவர் பால் கவரை எடுத்துக்கொண்டார். சில்வரை அப்படியே திருப்பிக் கொடுத்து, “இது யாருக்கும் ஆகாதும்மா” என்றார்.

அதுவும் பிளாஸ்டிக், இதுவும் பிளாஸ்டிக். இது மட்டும் ஏன் ஆகாது? எந்தக் கவரில் போட்டால் திரும்ப எடுப்பார்கள்? ‘மக்கும் கவர்’ என்று ஒருவர் விற்க வருகிறார், அதை வாங்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குருணைக்காரன்:

அக்கா, திருச்சி பக்கம் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் குருணை போடும் ஒரு பட்டறையில் ஒன்பது வருடம் மெஷின் ஓட்டியவன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் சில்வர் கவரின் ஓரத்தில் கத்தரியால் சின்னதாக வெட்டி, இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். மேல் தாள் நறுக்கென்று கிழியும். உள் தாள் கிழியாமல் வெள்ளையாக நீளும். நடுவில் கண்ணாடியில் பூசிய ரசம் மாதிரி ஒன்று பொடிப்பொடியாகத் தெரியும். நீங்கள் வைத்திருப்பது ஒரு கவர் அல்ல, மூன்று பொருளைப் பசை போட்டு ஒட்டியது. கவர் விற்பவர்கள் இதை ‘பெட், மெட்பெட், பாலி’ என்பார்கள். பெட் என்பது தண்ணீர் பாட்டில் செய்யும் அதே சரக்கு. மெட்பெட் அதன்மேல் அலுமினியப் பூச்சு ஏற்றியது. பாலி என்பது பால் கவர் இனம்.

பாலி 110 முதல் 130 டிகிரிக்குள் உருகிவிடும். பெட் உருக 250 டிகிரி வேண்டும். பாலிக்கு வைக்கிற சூட்டில் இதைப் போட்டால் பெட் உருகாமல் செதில் செதிலாக நின்று மெஷின் முகப்பில் இருக்கும் கம்பி வலையை அடைத்துவிடும். பெட்டுக்கு வைக்கிற சூட்டில் போட்டால் பாலி கருகும். எப்படியோ இரண்டையும் உருக்கினாலும் எண்ணெயும் தண்ணீரும் போலத்தான், ஒன்றோடொன்று சேராது. அந்தக் குருணையில் பைப் இழுத்தால் விரலால் நெரித்தாலே உடையும். ஒரு மூட்டைக்குள் பத்து சில்வர் கவர் ஒளிந்து வந்து, வலை மாற்றுவதற்காக அரை நாள் மெஷினை நிறுத்தியிருக்கிறோம். கடைக்காரர் உங்களைத் திருப்பி அனுப்பியதில் தப்பே இல்லை.

பால் கவர் முழுக்க ஒரே இனம். கழுவி, வெட்டி, உருக்கிக் குருணையாக்கினால் கறுப்பு ஓஸ் ஆகும், நெல் காயப் போடும் தார்ப்பாய் ஆகும். சாப்பாட்டுக் கவராக மட்டும் அந்தக் குருணை திரும்ப வரக் கூடாது. பட்டறைக்கு எந்தக் கவர் எதைத் தொட்டுவிட்டு வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

மக்கும் கவர் வேண்டாம் அக்கா. அது மக்குவதற்கு முறையான உரக்கூடத்துச் சூடு வேண்டும், வாய்க்கால் சேற்றில் அவ்வளவு சுலபமாக மக்காது. பார்க்கப் பால் கவர் போலவே இருப்பதால் எங்கள் மூட்டையில் கலந்து குருணையையும் கெடுக்கும்.

டிகிரி காபி:

கும்பகோணத்தில் காபிப்பொடி அரைத்து விற்கிறேன். சகோதரி, நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் முறுக்கு கவருக்குள் எத்தனை நாள் இருக்கிறது?

காபிப்பொடிக்குக் காற்று ஆகாது, ஒரு வாரத்தில் மணம் போய்விடும். அதனால் எனக்குத் தடுப்பு அடுக்கு தேவைப்படுகிறது. முழுக்கப் பாலி இனத்திலேயே செய்து, நடுவில் காற்றை மறிக்க ஈவிஓஎச் என்ற மெல்லிய படலம் மட்டும் வைத்த பவுச் இருக்கிறது. அந்தப் படலம் மொத்த எடையில் 5 சதவீதத்துக்குள் இருந்தால் பாலியோடு சேர்த்தே உருக்கலாம் என்கிறார்கள். விலை கூடுதல், சிறிய அளவில் கொடுக்கவும் யோசிக்கிறார்கள். உள்ளூர் வாடிக்கையாளருக்கு நான் டப்பாவில்தான் போட்டுக் கொடுக்கிறேன், டப்பா திரும்பி வருகிறது.

முறுக்கு அப்படியல்ல. அதற்கு முதல் எதிரி ஈரம், அப்புறம்தான் காற்றுப் பட்டு வரும் காறல் வாடை. சாதாரண பி.பி கவர், அதாவது முழுக்க பாலிப்ரொப்பிலீன் என்ற ஒரே இனப் பிளாஸ்டிக், ஈரத்தை நன்றாகத் தடுக்கும், காற்றை ஓரளவுதான் தடுக்கும். என் தங்கை தட்டை போடுகிறாள். போன ஐப்பசி அடைமழையில், நல்ல கனமான பி.பி கவரில் ஆறு பாக்கெட் போட்டு வைத்துப் பார்த்தோம். இருபதாம் நாள் வரை மொறுமொறுப்பும் வாசனையும் சரியாக இருந்தன. முப்பதாம் நாள் லேசாகக் காறல். உங்கள் சரக்கு மூன்று வாரத்துக்குள் விற்றுவிடும் என்றால் சில்வரே வேண்டாம்.

இன்னொன்று. 2022 பிப்ரவரியில் வந்த மத்திய அரசு விதிப்படி, அலுமினியம் போன்ற வேற்றுப் பொருள் சேர்ந்த பல அடுக்குக் கவர் தனி வகை. அதைச் சந்தையில் விடும் கம்பெனிகள் 2024-25-இல் குறைந்தது 30 சதவீதம், 2027-28-க்குள் 60 சதவீதம் மறுசுழற்சிக்கு விட வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கே அது தலைவலி. நம் போன்றவர்கள் அந்தக் கவரைத் தொடாமல் இருப்பதே நல்லது.

தராசு:

நான் பழைய பேப்பர் கடைதான் வைத்திருக்கிறேன், திருவாரூர் பக்கம். மேலே தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. கடைப் பக்கத்துக் கணக்கு ஒன்று இருக்கிறது. அரை லிட்டர் பால் கவர் சுமார் 3 கிராம். ஒரு கிலோ சேர முன்னூறுக்கு மேல் பொறுக்க வேண்டும். அதனால் ஒற்றைக் கவருக்காக யாரும் குனிய மாட்டார்கள். ஒரே இடத்தில், காய்ந்து, ஒரே இனமாக மூட்டையாகக் கிடந்தால்தான் வண்டி வரும்.

நாங்கள் கவரைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால்தான் பார்ப்போம். காதருகே கசக்கினால் பி.பி சரசரவென்று கத்தும். பாலி சத்தம் போடாது. உங்கள் கவரில் காகித லேபிள் ஒட்டாதீர்கள். கழுவும்போது கூழாகி எல்லாவற்றிலும் ஒட்டுகிறது. பெயரைக் கவரிலேயே ஒரே நிறத்தில் சின்னதாக அச்சடித்துவிடுங்கள்.

கையில் இருக்கும் சில்வர் கவரைத் தூய்மைக் காவலரிடம் தனியாகக் கட்டிக் கொடுங்கள். இந்த மாதிரிச் சரக்கு அரியலூர் பக்கத்துச் சிமெண்ட் ஆலைச் சூளைகளுக்கு எரிக்கப் போகிறது. வாய்க்காலில் கிடப்பதற்கு அது மேல். ஆனால் எரிந்தது எரிந்ததுதான், பொருள் திரும்ப வராது. அதை மறுசுழற்சி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

கோரையாற்றங்கரை:

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. இழுத்துப் பார்த்தேன், தம்பி சொன்னபடியே மேல் தாள் தனியாக வந்தது. மூன்று வருடம் கையில் புழங்கிய கவரின் உள்ளே என்ன இருக்கிறது என்று நேற்றுதான் தெரிந்துகொண்டேன்.

எங்கள் சரக்கு பதினைந்து நாளுக்கு மேல் எந்தக் கடையிலும் நின்றதில்லை. அதனால் ஐந்து கிலோ பி.பி கவர் சொல்லிவிட்டோம், கோலம் மட்டும் ஒரே நிறத்தில் அச்சு. எங்கள் சரக்கு வாங்கும் எட்டுக் கடைகளிலும் ஒரு சாக்கு தொங்கவிடப் பேசியிருக்கிறோம். பத்து வெறுங்கவர் கொண்டுவருகிறவருக்கு ஒரு சீடை உருண்டைப் பொட்டலம், வாழையிலையில். ஐந்து கடைக்காரர்கள் சரி என்றார்கள். மீதி மூன்று பேரை அடுத்த வாரம் பார்க்கிறேன். வீட்டில் அடுக்கியிருக்கும் பழைய சில்வர் அறுநூறை விற்றவரே திரும்ப எடுப்பாரா என்று கேட்டேன், எடுக்க மாட்டாராம்.

ஒரு சந்தேகம். கை சீலிங் மெஷினில் பி.பி சரியாக ஒட்டவில்லை, ஓரம் பிரிகிறது. சில்வருக்கு வைத்த சூட்டையே வைத்தேன்.

குருணைக்காரன்:

சில்வரில் உள்ளே ஒட்டுவது பாலி. பி.பி உருக 160 டிகிரியாவது வேண்டும். குமிழை இரண்டு புள்ளி ஏற்றி, அழுத்தியபடி மூன்று எண்ணும் வரை வைத்து, ஆறிய பிறகு இழுத்துப் பாருங்கள் அக்கா. சூடாக இருக்கும்போது இழுத்தால் எந்தக் கவரும் பிரியும்.