பழைய ஃபோர்ட்டேபியானோவில் பீத்தோவன்: தேவையா, வீம்பா?

சுருதிபேதம்
நேற்று இரவு பீத்தோவனின் ‘மூன்லைட்’ சொனாட்டாவை ஒருவர் ஃபோர்ட்டேபியானோவில், அதாவது பியானோவின் பழைய வடிவத்தில், வாசித்த பதிவு கேட்டேன். 1800 வாக்கில் வியன்னாவில் இருந்த மாதிரிப் பியானோவைப் பார்த்து இப்போது செய்த நகல் அது. மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒலி மெலிந்து கிடக்கிறது. ஒரு சுரத்தை அழுத்தினால் அடுத்தது வருவதற்குள் பாதி கரைந்துவிடுகிறது. மேலே போகிற ராகம் பாடவே மாட்டேன் என்கிறது.

பீத்தோவன் ஒரு பியானோவோடு திருப்திப்பட்டு உட்கார்ந்தவர் இல்லை. 1803-இல் பாரிஸிலிருந்து எரார் பியானோ வந்தது, 1818-இல் லண்டனிலிருந்து பிராட்வுட், கடைசிக் காலத்தில் வியன்னாவின் கிராஃப். ஒவ்வொன்றும் அவருடைய இளமைக்காலப் பியானோவைவிடப் பெரியது. இன்றைய கிராண்ட் பியானோவை அவர் முன்னால் நிறுத்தியிருந்தால் வேண்டாம் என்றா சொல்லியிருப்பார்? அவர் தாண்டிப்போக நினைத்த கருவிக்கே நாம் ஏன் திரும்ப வேண்டும்?

மரச்சட்டம்
மூன்லைட்டையே எடுத்தது நல்லதாகப் போயிற்று. அதன் முதல் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இந்தப் பகுதி முழுவதையும் மிக மென்மையாக, ‘சென்சா சோர்தீனோ’ வாசிக்க வேண்டும் என்று இத்தாலிய மொழியில் எழுதியிருக்கிறார். சோர்தீனோ என்றால் இங்கே டாம்பர், அதாவது கட்டையிலிருந்து விரலை எடுத்ததும் கம்பியின் மேல் உட்கார்ந்து ஒலியை நிறுத்துகிற துண்டு. அது இல்லாமல் வாசி என்கிறார். அன்றைய வியன்னாப் பியானோவில் முழங்காலால் ஒரு நெம்பைத் தூக்கினால் டாம்பர்கள் எல்லாம் மேலே போய்விடும்.

இன்றைய பியானோவில் டாம்பர்களைத் தூக்கும் பெடலை மிதித்து அப்படியே வைத்து வாசித்துப் பாருங்கள். இடது கையில் முதல் பாரில் (பார் என்றால் தாளத்தின் ஒரு சுற்று) சி ஷார்ப், இரண்டாவதில் பி, மூன்றாவதில் ஏ, அப்புறம் எஃப் ஷார்ப். மூன்றாவது பாருக்குள் எல்லாம் சேறு. அதனால் நாம் எல்லோரும் பாருக்குப் பார் பெடலை மாற்றி, அவர் எழுதியதை மீறுகிறோம். ஃபோர்ட்டேபியானோவில் பழைய சி ஷார்ப் தேய்ந்துகொண்டே இருக்க, அதன் மேல் பி வந்து உட்காருகிறது. அடியில் ஒரு புகை மட்டும் மிஞ்சுகிறது. நீங்கள் குறை என்று சொன்ன கரைதலை நம்பித்தான் அவர் அந்த வரியையே எழுதினார்.

எரார் பற்றி ஒன்று. அதன் கட்டைகள் கனமாக இருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை. வியன்னாவில் கொடுத்து மாற்றிக்கொண்டார். பிராட்வுட் வந்தபோது காது ஏறக்குறையப் போய்விட்டது. கேளாத காதுக்கு வேண்டியிருந்த சத்தத்தை வைத்து 1801-இல் எழுதிய மூன்லைட்டுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சுருதிபேதம்
சென்சா சோர்தீனோ எனக்கும் தெரியும் சார். அதற்குத்தான் அரைப் பெடல் இருக்கிறது. டாம்பரைக் கம்பியில் பட்டும் படாமலும் வைத்து அதே புகையைக் கொண்டுவரலாம். எனக்கு அது கைவர, சரியாகச் சொன்னால் கால்வர, பல வருடம் ஆனது.

ஆனால் ஓபஸ் 10, எண் 3 சொனாட்டாவுக்கு என்ன சொல்கிறீர்கள்? முதல் பகுதியில் எண்மங்களாக (ஒரு சுரமும் அதன் மேல்ஸ்தாயிச் சுரமும் சேர்ந்து) மேலே ஏறிப்போகிறவர் கடைசிச் சுரத்தில் மேல் எஃப் ஷார்ப்பை விட்டுவிடுகிறார். அன்றைய ஐந்து ஸ்தாயிப் பியானோ எஃப்போடு முடிகிறது, கட்டையே இல்லை! இன்று எந்த மாணவனும் அதைச் சேர்த்துத்தான் வாசிக்கிறான், சேர்த்தால்தான் அந்த ஏற்றம் முழுமையாகிறது. கருவி அவர் கையைக் கட்டிப்போட்டது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? கம்பி அறுந்த கதையும் இருக்கிறது. அவர் ஒரு மொசார்ட் கன்செர்ட்டோ வாசித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பர் ரைஷா, தாளைத் திருப்பியதைவிட அறுந்த கம்பிகளைப் பிடுங்கிப் போட்டதுதான் அதிகம் என்று எழுதிவைத்திருக்கிறார்.

தந்திராஜா
நான் பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவன். இரண்டு பேரும் பெரியது, சிறியது என்றே பேசுகிறீர்கள். உள்ளே திறந்து பார்த்தால் இரண்டும் வேறு வேறு ஜாதி.

இன்றைய கச்சேரி கிராண்டில் கம்பிகளின் இழுவிசை மொத்தம் 20 டன் அளவுக்கு. அதைத் தாங்க வார்ப்பிரும்புச் சட்டம். 1825-இல் பாஸ்டனில் பாப்காக் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1859-இல் ஸ்டைன்வே பாஸ் கம்பிகளை மற்றவற்றின் மேல் குறுக்கே போட்ட கிராண்டுக்குக் காப்புரிமை வாங்கியது. சுத்தியலில் கெட்டியான கம்பளி ஃபெல்ட். அன்று வியன்னாவில் வால்ட்டர் செய்த பியானோவில் (மொசார்ட் வைத்திருந்தது அவர் செய்ததுதான்) சட்டம் முழுக்க மரம், கம்பிகள் மெல்லியவை, எல்லாம் நேராக ஓடும். சுத்தியல் கட்டையின் மேலேயே பொருத்தியிருக்கும். விரல் நுனி அளவுத் தலை, அதன் மேல் தோல். தோல் கம்பியை அடிக்கும்போது சுரத்துக்கு ஒரு முனை கிடைக்கிறது, மெய்யெழுத்து மாதிரி. ஃபெல்ட்டில் அந்த மெய்யெழுத்து மழுங்கி, உயிரெழுத்து நீள்கிறது.

‘பத்தேத்திக்’ சொனாட்டாவின் முதல் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) நினைத்துப் பாருங்கள். இடது கை கீழே நெருக்கமாக அடுக்கிய சுரங்கள். என் கடைப் பியானோவில் அது ஒரே முழக்கம். மரச்சட்டப் பியானோவில் ஒவ்வொரு சுரமும் தனியாகக் கேட்கும். அவர் அடுக்கத் தெரியாமல் அடுக்கவில்லை.

நிலவொளி
ராஜா அண்ணா சொன்ன கட்டையைப் பற்றி ஒரு அனுபவம். ஒரு கோடைப் பயிற்சி வகுப்பில் வால்ட்டர் நகலில் எனக்கு இருபது நிமிடம் கிடைத்தது. முதல் சுரத்திலேயே கை தடுமாறிவிட்டது. கட்டை நம் பியானோவில் இறங்குகிற ஆழத்தில் பாதிதான் இறங்குகிறது, எடையும் பாதிதான். நான் தோளிலிருந்து கொண்டுவந்த பலம் போய்ச்சேர இடமே இல்லை, தட்டென்று மரத்தில் இடித்தது. பத்து நிமிடம் கழித்து விரல் நுனியை மட்டும் அசைத்தேன். அப்போதுதான் பேச ஆரம்பித்தது. அப்புறம் ‘வால்ட்ஸ்டைன்’ கடைசிப் பகுதியில் வருகிற எண்ம கிளிசாண்டோவை (விரல்களைக் கட்டைகள் மேல் இழுத்துக்கொண்டே போவது) முயன்று பார்த்தேன். வீட்டுப் பியானோவில் தோல் உரியும், அதனால் இரண்டு கையாலும் பிரித்து வாசித்து ஒப்பேற்றுவேன். இங்கே ஒரே கை, வெண்ணெயில் கத்தி போல வழுக்கிக்கொண்டு போனது. அதுவும் அவர் கேட்டபடி மிக மெதுவான ஒலியில்!

சுருதிபேதம் சொல்வதையும் நான் ஒதுக்க மாட்டேன். அதே வகுப்பின் நிறைவுக் கச்சேரியில் புழுக்கம் தாங்காமல் சுருதி இறங்கி, வாசித்தவர் நடுவில் எழுந்து திருகுகோலோடு நின்றார். பின்வரிசையில் இருந்த என் தோழிக்கு மெதுவான இடங்கள் காதிலேயே விழவில்லை. 2,000 பேர் அரங்கில் இதை வைப்பது அந்தக் கருவிக்கே அநியாயம்.

மரச்சட்டம்
அரங்கு விஷயத்தில் வாதாட மாட்டேன். இது அறைக்கான கருவி.

எஃப் ஷார்ப்புக்கு வருகிறேன். அந்த ஓர் இடத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் ‘அப்பாசியோனாட்டா’வை எடுங்கள். முதல் பகுதியில் அடி எஃப் வரை இறங்குகிறார், மேலே எரார் தந்த உச்சி சி வரை ஏறுகிறார். கருவியின் இரண்டு சுவரிலும் முட்டுகிறார். 88 கட்டைப் பியானோவில் அந்தச் சிக்கு அப்பாலும் கட்டைகள் சும்மா கிடக்கின்றன, முட்டுவதற்குச் சுவரே இல்லை. அந்த மூச்சுமுட்டலை நாம் நடிப்பால் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

ஆந்திராஷ் ஷிஃப் ஷூபர்ட்டை முதலில் இன்றைய பியானோவில் பதிவுசெய்தார். பிறகு 1820 வாக்கில் செய்த பிராட்மன் பியானோவில் மறுபடி உட்கார்ந்தார். தேவையில்லாமலா?

சுருதிபேதம்
ஷிஃப் இன்றைய பியானோவை விட்டுவிடவும் இல்லையே. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழையபடி வாசிக்கிறோம் என்பதே நம் காலத்து ரசனைதான் என்று இசையறிஞர் டாருஸ்கின் வாதிட்டது எனக்கு இன்னும் சரியாகவே படுகிறது. கருவியை மீட்கலாம். ஷோபென், பிராம்ஸ் எல்லாம் கேட்டுப் பழகிய காதைக் கழற்றிவைத்துவிட்டு யார் உட்கார முடியும்?

நிலவொளி
காதைக் கழற்ற வேண்டாம் தம்பி. உங்கள் கிராண்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அடிப்பக்கக் கட்டைகள் ஏழெட்டை ஒலி வராமல் அழுத்தி, நடுப் பெடலால் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த டாம்பர்கள் மேலேயே நிற்கும். வலது பெடலை வழக்கம்போல மாற்றி மூன்லைட்டை வாசியுங்கள். அடிக்கம்பிகள் தாமாக அதிர்ந்து புகையைத் தரும், சேறு வராது.

சுருதிபேதம்
இப்போதுதான் செய்து பார்த்தேன் அக்கா. புகை வருகிறது! அரைப் பெடலில் எனக்குக் கிடைக்காத ஒன்று அது, ஒப்புக்கொள்கிறேன். கிராண்டை விட மாட்டேன், ஆனால் இரண்டாவது பாரில் பி வந்தபோது சி ஷார்ப் இன்னும் அடியில் நின்றதே, அந்த உரசலை இத்தனை வருடம் நான் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறேன். மரச்சட்டம் சார், நல்ல பதிவு ஒன்று சொல்லுங்கள். நேற்றுக் கேட்டது வேண்டாம்.

மரச்சட்டம்
ரொனால்ட் பிரவுட்டிகம். பீத்தோவன் சொனாட்டாக்கள் எல்லாவற்றையும் ஃபோர்ட்டேபியானோக்களில் பதிவுசெய்திருக்கிறார். ஹெட்ஃபோனில் கேளுங்கள், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.